மலரக்கா சொன்ன தேர்தல் முடிவு

எனக்கு இப்போது மீசை இல்லை. கண்ணாடியைப் பார்த்தால் யாரோ தெரியாத ஆள் நிற்கிறான். அதற்குக் காரணம் இராசமலரக்கா. அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது.

கிளிநொச்சியிலிருந்து கண்டாவளைக்குப் போகிற வழியில் எங்கள் ஊர்ச் சந்தி இருக்கிறது. அங்கே மாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற மில் மலரக்காவுடையது. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும்தான் மிச்சம். கடன்பட்டு இந்த மில்லைப் போட்ட புருசனும் அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டார். பொம்பிளைக்கு மோட்டர் சரிவராது, விற்றுவிடு என்று ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். சொன்ன அத்தனை பேரும் இன்றைக்கு அவரிடம்தான் மிளகாய் அரைக்கிறார்கள். ஒருமுறை பெல்ட் அறுந்து இடக்கையைக் கிழித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு, "மிச்சத் தூளை ஆர் அரைக்கிறது?" என்று புதுப் பெல்ட் மாட்டினார்.

ஆனால் ஊர் அவரைத் தேடி வருவது மாவுக்காக மட்டுமில்லை. எந்தத் தேர்தலிலும் எந்தக் கட்சி வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மாகாண சபையோ பாராளுமன்றமோ பிரதேச சபையோ, சொன்னது தவறியதில்லை, பிழைத்ததில்லை.

எங்கள் ஆட்களிடம் இதைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. யார் வந்து வாக்குக் கேட்டாலும் "ஓம், உங்களுக்குத்தான்" என்று சிரித்து அனுப்பிவிடுவோம். மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னால் என்ன வரும் என்று பட்டுத் தெளிந்தவர்கள் நாங்கள். கூட்டத்தை வைத்தும் சொல்ல முடியாது. என் கூட்டாளி முத்துலிங்கத்தின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, அதே ஆட்கள்தான் எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் போய்க் கை தட்டுவார்கள்.

மலரக்காவின் வழி வேறு. மில் ஓடும்போது கத்தினால்தான் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்கும். "மெல்லமாக் கதைக்கேக்கைதான் தம்பி பொய் வரும். கத்தேக்கை வராது" என்பார். யாராவது தேர்தல் கதை கத்துகிறார் என்று கண்டால், சுவிட்சை டக்கென்று நிறுத்துவார். பாதி வசனம் மில் முழுக்கக் கேட்கும். கத்தினவர் அசடு வழிவார். மலரக்கா ஒன்றும் தெரியாதவர் போல மாவைத் தட்டுவார். இப்படிக் கேட்டதையெல்லாம் மனதில் கூட்டி, தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்வார்.

அந்தச் சொல்லுக்கு இருந்த பெறுமதி சும்மா இல்லை. வெல்கிற பக்கம் நின்றால்தான் வீதி வரும், வீட்டுத்திட்டம் வரும் என்று நம்புகிற ஊர் இது. மலரக்கா யாருடைய பெயரைச் சொல்கிறாரோ, ஊசலாடுகிற வாக்கெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இது தயாபரனுக்கும் தெரியும். இந்தமுறை பிரதேச சபைத் தேர்தலில் பெரிய கட்சியின் வேட்பாளர் அவன். அவனை எதிர்த்து நின்றவர் முன்பள்ளி ஆசிரியை சுமித்திரா, சுயேச்சைக் குழு.

அந்த ஞாயிறு மில்லில் நிற்க இடமில்லை. தயாபரன் வெள்ளைச் சட்டையோடு உள்ளே வந்து, மலரக்காவின் காதுக்குக் கிட்டப் போய் ஏதோ கத்தினான். முதலில் சிரித்தான். பிறகு விரலை ஆட்டினான். மலரக்காவின் கை மெல்லச் சுவிட்சுக்குப் போனது.

"…நான்தான் வெல்லுவன் எண்டு சொல்லாட்டி, இனி இந்த மில்லுக்கு எப்பிடி லைசென்ஸ் எடுக்கிறாய் எண்டு பாப்பம்!"

அவ்வளவும் தெளிவாகக் கேட்டது. "அக்கா, நீங்கள்" என்று வாக்குக் கேட்டுத் திரிந்த வாயில் இப்போது "எடுக்கிறாய்". மிளகாய் நெடியில் யாரோ தும்மினார்கள்.

மலரக்கா கையைத் துடைத்துக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேளுங்கோ. இந்தமுறை தயாபரன்ர கட்சி தோக்கும். சுமித்திராதான் வெல்லுவா."

எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. "தயாபரன் வெண்டால் என்ர மீசையை எடுக்கிறன்!" என்று முத்துலிங்கத்திடம் பந்தயம் பிடித்தேன். மலரக்கா சொன்னால் பிழைக்குமா?

பிழைத்தது. தயாபரன் நன்றாகவே வென்றான். அவனுடைய ஆட்கள் வேண்டுமென்றே மில் வாசலில் வெடி கொளுத்தினார்கள். மலரக்கா விளக்குமாறோடு வெளியே வந்து, "கொளுத்தினது காணும், போதும். பேப்பரைக் கூட்டிப்போட்டுப் போங்கோ" என்று அதை அவர்களிடமே நீட்டினார்.

முத்துலிங்கம் கூடவே வந்து சலூனில் உட்கார்ந்து பார்த்தான், பாவி. மீசை போன கையோடு, மிளகாய்ப் பையையும் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"உங்களை நம்பினதுக்கு என்ர முகத்தைப் பாருங்கோ அக்கா! என்னெண்டு பிழைச்சது?"

"பிழைக்கும் எண்டு தெரியும்" என்றார்.

"என்ன?"

"இதுக்கை கத்தின சனத்திலை முக்கால்வாசி அவன்ர பேரைத்தான் கத்தினது. நானும் அதைத்தான் சொல்ல இருந்தனான். அவன் பேசாமல் இருந்திருந்தால் அது சும்மா கிடைச்சிருக்கும்."

"பிறகேன் மாத்திச் சொன்னனீங்கள்? இவ்வளவு காலமும் எடுத்த பேர் போச்சே!"

"இவ்வளவு காலமும் ஊர் கத்தினதைத்தான் திருப்பிச் சொன்னனான், தம்பி. இந்தமுறை ஒருக்கா நான் விரும்பினதைச் சொன்னனான். அவன் வெருட்டினதுக்குப் பிறகு அவன் சொல்லச் சொன்னதைச் சொல்லி, அது சரியாவும் வந்திருந்தால், பிறகு இந்த வாயை வைச்சு நான் என்ன செய்யிறது?"

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

"நாளைக்குச் சபைக்குப் போறன். எல்லாற்றை லைசென்சும் குடுத்தாச்சு, என்ரை மட்டும் கிடக்குது. அவன் வெருட்டினதை எழுதிக் குடுக்கப்போறன். சாட்சி வேணும். ஒருத்தரும் வருகினம் இல்லை. மில் சத்தத்திலை ஒண்டும் கேக்கேல்லையாம்."

வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அன்றைக்கு மில் நின்றிருந்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது? என் வாயிலும் அதே பதில்தான் தயாராக இருந்தது. வேறு சாட்டுத் தேடினேன்.

"மீசையும் இல்லாமல் நான் எப்பிடி அக்கா சபைக்கு…"

"காது இருக்குத்தானே" என்றபடி என் மிளகாயைக் கொட்டி மில்லைப் போட்டார். காதை அடைக்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்குள் என் பக்கம் குனிந்து, "வாறீரோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, வாறன்! தயாபரன் சொன்னதை நான் கேட்டனான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

பாதியிலேயே அவர் சுவிட்சை நிறுத்திவிட்டார். வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.