கள்ளி வேலிக்கு வெளியே நின்ற அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் தோத்திரம். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அக்காவைப் பற்றி எழுத அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது காணைக்குப் பக்கத்தில். அப்பா கரும்பு வெட்டும் கூலி. எங்களுக்கென்று நிலம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை காண விழுப்புரம் வரை நடப்போம். கால் வலிக்கிறது என்று நான் உட்கார்ந்துவிட்டால் அக்கா இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள். கோயில் வந்ததும் முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, "தூங்கி வழியாதமே" என்பார்கள். அப்போதெல்லாம் லத்தீன் பூசை. ஒரு சொல்லும் விளங்காது. அக்கா மட்டும் சாமியாரின் முதுகைப் பார்த்தே பூசை எந்த இடத்தில் நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அக்கா கிளியனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டார்கள். மாமா தங்கமானவர். திருமணத்துக்காக நம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர் என்பதால் செபங்கள் அவருக்குச் சரியாக வராது. சாயங்காலத்தில் அக்கா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அவர் பின்னாலேயே சொல்வார். "உங்கக்காதான் எனக்கு வாயி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

பல வருடம் கழித்துத்தான் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாமல், உடம்பெல்லாம் நீலமாகப் பிறந்தது. சாமியார் திண்டிவனத்திலிருந்து வந்தாக வேண்டும். உயிர் போகிற நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது நம் வேதத்தில் உண்டு. அக்காவால் கையைத் தூக்க முடியவில்லை. மாமா சொம்பிலிருந்து குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். அக்கா படுத்தபடியே மந்திரத்தைச் சொன்னார்கள். உச்சிப் பொழுதுக்குள் குழந்தை போய்விட்டது.

அப்போது நான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். சேதி கேட்டு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது சாமியாரும் வந்திருந்தார்.

"ஞானஸ்நானம் குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருந்தான் சாமி. நான் ஊத்துனேன், அவ சொன்னா" என்றார் மாமா.

சாமியார் கண்ணை மூடித் திறந்தார். "ஊத்துறவங்களேதான் சொல்லணும்பா. கையும் வாயும் ஒருத்தருதா இருக்கணும். இது செல்லாதே."

அக்கா பாயிலிருந்து தலையை மட்டும் தூக்கினார்கள். "கல்யாணத்தன்னைக்கி ரெண்டு பேரும் ஒரே ஒடம்புன்னு நீங்கதான சாமி சொன்னீங்க? அப்ப அவரு கையும் என் வாயும் எப்பிடி சாமி வேற வேறயாவும்?"

சாமியார் பாயருகே குனிந்தார். பிறகு, "சட்டம் அப்பிடி இருக்குதேம்மா" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கவில்லை. கள்ளி வேலிக்கு வெளியே வைத்தார்கள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு வேதனை இல்லை, ஆனால் மோட்சமும் இல்லை என்று அந்தக் காலத்தில் சொல்லுவார்கள்.

அதற்குப் பிறகு மாமா செபத்துக்கு உட்காரவில்லை. கஞ்சி குடிக்கும்போதுகூடத் தன் வலது கையையே பார்ப்பார். பாண்டிச்சேரிக்கு மில் வேலைக்கென்று போனார். மாதம் ஒருமுறை வந்தவர், பண்டிகைக்கு மட்டும் வந்தார், பிறகு அதுவும் நின்றது. கடைசியில் அவர் செத்த சேதிதான் வந்தது. அக்கா அவரை ஒருநாளும் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை.

ஊரில் எந்த வீட்டில் பிள்ளைப்பேறு என்றாலும் அக்கா சொம்புத் தண்ணீரோடு போய்விடுவார்கள். தன் பிள்ளைக்கு ஆனது இன்னொரு பிள்ளைக்கு ஆகக்கூடாது என்ற வைராக்கியம். ஆனால் ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. "சொம்பத் தூக்கிக்கினு வந்துட்டா பாரு, புள்ள சாவுதான்னு பாக்க" என்று என் காதுபடவே ஒரு மாமியார்க்காரி சொன்னாள். அதன்பின் அக்கா யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. தெருவில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே குழந்தை நன்றாக அழுதால் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அழாத வீட்டில், "யக்கா, ஜல்தி வா யக்கா" என்று அதே மாமியார்க்காரிகள் ஓடி வருவார்கள். அக்கா மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் போவார்கள்.

கல்லறைத் திருநாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். எல்லோரும் அவரவர் கல்லறையிடம் நிற்பார்கள். அக்கா மட்டும் வேலிக்கு வெளியே மெழுகுவத்தியோடு நிற்பார்கள். நான் போயிருந்த வருடங்களில் அக்காவோடு நின்றேன். போகாத வருடங்களில் அவர்கள் தனிதான்.

ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி கேலியாகவே கேட்டுவிட்டாள்: "இன்னாமே, நாள்பூரா செபம் பண்ணிக்கினு கீற. மோட்சத்துக்கே போனாலும் உன் புள்ள அங்க இல்லியே. போய் இன்னா பண்ணப் போற?"

"போய்க் கேக்கத்தான் போறேன்" என்றார்கள் அக்கா. "உள்ள போனாத்தானமே சர்வேசுரனக் கையப் புடிச்சிக் கேக்க முடியும்? வெளிய நின்னுக்கினு கத்துனா யாருக்குக் கேக்கும்?"

என் அக்காவின் பக்தி அவ்வளவுதான். ஒரு நாள் பூசை தவறாமல், ஒரு ஒருசந்தி நோன்பு தவறாமல் அறுபது வருடத்துக்கு மேல் அதற்காகவே வாழ்ந்தார்கள்.

கடைசி மாதங்களில் திண்டிவனத்தில் என்னோடு இருந்தார்கள். சாகும் முன் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்த இளம் சாமியாரிடம் இதையெல்லாம் சொன்னார்கள். "பாட்டி, இப்ப திருச்சபை அந்தப் பிள்ளைங்களக் கடவுளோட இரக்கத்துல வுட்டுட்டு நம்பிக்கையோட இருக்கச் சொல்லுது. உங்க குழந்தை அவருகிட்டதான் இருக்கும்" என்றார் அவர்.

"அப்ப அன்னைக்கி என் வூட்டுக்காரரு கை ஊத்துனது செல்லுமா சாமி?"

"ஊத்துன தண்ணிய ஆண்டவர் பாக்காமலா இருந்திருப்பாரு?"

அக்கா சந்தோஷப்படுவார்கள் என்று நான் பார்த்தேன். "இதக் கேட்டுட்டுப் போயிருக்கலாம் அந்த மனுசன்" என்று சொல்லி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். மறுநாள்தான் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் சொன்ன பெயரைச் சொன்னார்கள். அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். நானும் கேட்டதில்லை.

அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டுப் பெண்ணுக்கும், ஊசி போட வீட்டுக்கே வந்த நர்சம்மாவுக்கும், மழையில் குழி தோண்டிய பிள்ளைகளுக்கும், கிளியனூரிலிருந்து வேன் பிடித்து வந்த அக்கா கை பட்ட வீட்டாருக்கும் நான் நன்றி சொல்கிறேன். என்னால் திருப்பிச் செய்ய முடியாது. சர்வேசுரன் செய்வார்.

இன்றைய பூசையில் அக்காவின் பெயருக்குப் பிறகு சவேரியம்மாள் என்று ஒரு பெயரையும் வாசிக்க வேண்டும் என்று, வெட்கத்தை விட்டுச் சாமியாரிடம் கேட்டிருக்கிறேன். வாசிக்கும்போது யாரது என்று ஒருவரையொருவர் பார்க்காதீர்கள். அவள் அக்காவின் மகள்.