மாமன் மகள் முறை

எங்கள் லாப்ரடாருக்கு அப்போது மூன்று வயது. இருட்டத் தொடங்கினால் மாடிப்படியில் இறங்க மாட்டான். கொழுப்பு என்று நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நாய்களுக்குக் கண் பார்க்கும் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது, பரம்பரை நோய், மருந்து கிடையாது, போகப் போகப் பார்வை முழுவதும் போய்விடும் என்றார். அவர் கன்னடக்காரர். "மேட்டிங் மட்டும் பேடம்மா," என்றார். இணை சேர்க்க மட்டும் வேண்டாமாம்.

அதில்தான் சிக்கல். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அக்கா, தன் பெண் நாய்க்கு இவனைப் பேசி முடித்திருந்தார். இரண்டும் ஒரே ஆளிடம் வாங்கியவை. இவனுடைய அம்மாவும் அதனுடைய அப்பாவும் ஒரே ஈற்றில் பிறந்தவை. மாமன் மகள் முறை என்று அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தெரிந்த ரத்தம் என்று நாங்களும் தலையாட்டினோம். எங்கள் வீட்டில் மனிதர்களுக்கே அப்படித்தான். என் கணவர் என் அத்தை மகன்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அந்த நாயிடமும் இதே குறை வெளியே தெரியாமல் இருக்கலாம், இருந்தால் குட்டிகளில் சிலவற்றுக்குக் கண் போகும் என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளைக் காட்டப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" என்பதுதான்.

அன்றைக்கே கீழ்வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மகளும் கூட வந்தாள். இப்போது காலேஜில் படிக்கிறாள். காதில் மெஷின் இருக்கிறது, வாயசைவையும் பார்த்துக்கொள்வாள். ஒரு வார்த்தை தப்பாது.

"சொந்தத்துல பண்ணா இன்னாவாம்? எல்லாரும் பண்றதுதானே," என்று அக்கா சிரித்தார்.

"சும்மா இருங்கக்கா! கண்ணு தெரியாத குட்டிங்கள யார் தலையில கட்டுவீங்க? அதுங்க பொறக்காம இருக்கறதே மேல்," என்று கத்திவிட்டேன்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "சரி, வேணாம் விடு," என்றார். விஷயம் அதோடு முடிந்தது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மேலே ஏறும்போது மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னப் பத்தியும் முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா, நீ இப்படித்தான் சொல்லியிருப்பியாம்மா?"

"உன்ன வேணாம்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்லடி," என்றேன். சத்தியமான வார்த்தை. ஆனால் அவள் கேட்டது வேறு. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.