பளீல் நானாவின் முழங்கால்

மஹய்யாவையில் பெரிய ரோட்டிலிருந்து மேலே ஏறுகிற ஒரு சந்துக்குள் பளீல் நானாவின் பட்டறை இருந்தது. ரோட்டுக்கு இறங்க வேண்டுமானால் செங்குத்தான படிக்கட்டுதான் வழி. சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டறை ஆட்கள் நாலு பேரும் ஒன்றாக இறங்குவார்கள். பாலம்மா அம்பிட்டிய பஸ்ஸைப் பிடிக்கப் போவாள். நானா மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவார். பாதிப் படி வந்ததும் அவர் நின்றுவிடுவார். சாரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து முழங்காலைத் தடவுவார்.

"கொஞ்சம் பொறுங்க புள்ள. இந்த முழங்கால் சொல்லுக் கேக்குதில்ல."

பாலம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் சூம்பிப் போனது. பாதிப் படியில் அது நடுங்கத் தொடங்கும். எனக்காக நில்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நானா தடவி முடிப்பதற்குள் அவள் காலும் இளைப்பாறிவிடும். நல்ல மனுசனுக்கு இப்படி ஒரு வருத்தமா என்று நினைத்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் அவர் முழங்காலுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்வாள்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, உட்கார இரண்டு நீள வாங்கு, துளை போடுகிற கரண்டு மெஷின் ஒன்று. அங்கே தும்புத்தடி செய்தார்கள், வீடு வாசல் கூட்டுகிறோமே, அதுதான். காது கேளாத, வாய் பேசாத றம்லத் தென்னந்தும்பைச் சீப்பில் இழுத்துச் சிக்கெடுப்பாள். நானா மரக்கட்டையில் துளை போடுவார். கண் தெரியாத திவாகரன் அந்தத் துளைகளை விரலால் தேடித் தும்பைச் செருகிக் கம்பியால் இறுக்குவான். பாலம்மா பெரிய கத்தரிக்கோலால் நுனியைச் சமமாக வெட்டுவாள். பிறகு பிடி அடிப்பது, கட்டுக் கட்டுவது, கடைக்குச் சுமப்பது எல்லாம் நானாதான்.

இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று அவர் நினைத்துத் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டு றம்லத்தை அவள் உம்மா கொண்டுவந்து விட்டாள். றம்லத்தோடு பஸ்ஸில் சிநேகமான பாலம்மா அவள் பின்னால் வந்தாள். கோயில் வாசலில் கண்ட திவாகரனைப் பாலம்மா கூட்டி வந்தாள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப நானாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் பாலம்மா அண்ணன் வீட்டில் இருந்தாள். வெளியாட்கள் வந்தால் அண்ணி அவளைப் பின்னறைக்குப் போகச் சொல்வாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, கால் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். பட்டறைக்கு வந்த பிறகு பின்னறைக்குப் போக வேண்டிய தேவை வரவில்லை. பகல் முழுக்க அவள் வீட்டிலேயே இல்லையே.

அப்புறம் கடைகளுக்குப் பிளாஸ்டிக் தும்புத்தடி வந்தது. ஒவ்வொரு கடையாகக் கையை விரித்தார்கள். "நோன்பு வரைக்கும் இழுத்துப் பாப்பம்," என்றார் நானா. "அதுக்குப் பொறகு பூட்டுறதுதான்." அன்றைக்கு ராத்திரி பாலம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பின்னறையின் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

அந்த நேரத்தில்தான் அரசாங்கக் கந்தோரிலிருந்து சுதர்சினி மிஸ் போன் எடுத்தார். சமூக சேவைப் பகுதி உத்தியோகத்தர். ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தும்புத்தடி வேண்டுமாம். பெரிய கொம்பனிகளோடு போட்டி போடாமலே இந்த மாதிரி இடத்துக்கு அந்த ஓடரைக் கொடுக்க வழி இருக்கிறதாம். தகுதி இருக்கிறதா என்று வந்து பார்ப்பாராம். நானா காதை போனோடு ஒட்டிக் கேட்டார். கேட்டதில் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியையும் மற்றவர்களுக்குச் சொல்லும்போது பாதியாக்கிவிட்டார்.

"எங்களப் போல ஆக்களுக்குச் சட்டம் ஒன்டு இரிக்காம். ஒரு நேரம் மாற்றுத்திறனாளிங்கிறாங்க, ஒரு நேரம் விசேட தேவையுடையோருங்கிறாங்க, பழைய சட்டத்துல வேற பேராம்."

"அப்ப நான் இதுல எந்த ஆளு நானா?" என்றான் திவாகரன். "மூணுமா?"

"மூனுன்டு சொல்லி மூனு சம்பளம் கேக்காம இருந்தாச் செரி."

மிஸ் வருகிற நாளுக்கு முதல் நாள் நானா புதிதாக ஒன்று செய்தார். பள்ளிவாசல் மண்டபத்திலிருந்து மெத்தை வைத்த கதிரை மூன்று இரவல் வாங்கி வந்து பட்டறையின் முன்பக்கம் போட்டார். "நாளைக்கு மூனு பேரும் நல்ல உடுப்பு உடுத்துக்கிட்டு வாங்க. இந்தக் கதிரையில இருங்க. வேலைக்குப் பக்கத்து வீட்டு ஆக்களக் கூப்பிட்டிரிக்கன்."

"நானா, மிஸ் நம்ம வேலையப் பாக்கத்தானே வர்றாங்க?" என்றாள் பாலம்மா.

"வேலையப் பாக்கத்தான் தும்புத்தடி அடுக்கியிரிக்கே. ஆக்களப் பாக்க வாரவங்களுக்கு ஆக்கள மரியாதயாக் காட்டத் தேவல்லயா? ஏலாத ஆக்களக் கொண்டு வேல வாங்குறான், இவனுக்கு அல்லாஹ்ட பயமே இல்லன்டு அவங்க நெனச்சா?"

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. விசேஷ வீட்டில் பெரியவர்களை முன்னால் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஓடி ஓடி வேலை செய்வதில்லையா? ஆனாலும் எங்கேயோ எதுவோ இடித்தது. எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பொட்டு வைத்துப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் முன்னுக்கு உட்காருவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கேனா அக்கா?" என்று திவாகரன் குசுகுசுத்தான்.

"சும்மா இரு. மிஸ் வர்றாங்க."

சுதர்சினி மிஸ் வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கை கால் திடமான நாலு பேர் தும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னால் மூன்று பேர் கையில் சர்பத்தோடு கதிரையில் இருந்தார்கள்.

"இவங்க என்னா வேலை செய்றாங்க ஐயா?"

"இவங்களா?" என்றார் நானா பெருமையாக. "ஒரு வேலயும் இல்ல மிஸ்! பாத்தீங்கதானே, எப்பிடி வச்சிரிக்கன்டு!"

மிஸ்ஸின் முகம் விழுந்துவிட்டது. "ஐயா, இந்த மாதிரி எடம் நெறையப் பாத்திருக்கேன். பேருக்கு மூணு பேர ஒக்கார வச்சிட்டு அவங்க பேர்ல ஓடர் எடுக்கிறது. ஒங்களப் பாத்தா அப்படித் தெரியல. அதுதான் கவலையா இருக்கு."

எதில் பிழை நடந்தது என்று கூட நானாவுக்குத் தெரியவில்லை. வேலை வாங்கினால் பாவம் என்று பயந்தார், வேலை வாங்காததும் குற்றமாகப் போயிற்று. அவர் நிற்கிற நிலையைப் பாலம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சர்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மிஸ், நாங்கதான் தெனம் வேலை செய்றோம். இன்னைக்கு மட்டுந்தான் ஒக்காந்திருக்கோம்."

"ஏன்?"

"நீங்க வர்றீங்கன்னு."

இப்போது மிஸ்ஸுக்கும் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சரி. இன்னொரு நாள் வர்றேன். என்னைக்குன்னு சொல்ல மாட்டேன்," என்று போய்விட்டார்.

அடுத்த கிழமை ஒரு மழை நாளில் குடையோடு வந்து வாங்கு ஓரத்தில் உட்கார்ந்து பொழுதுபடுமட்டும் பார்த்தார். றம்லத் சிக்கெடுத்தாள், திவாகரன் செருகினான், பாலம்மா வெட்டினாள். மிஸ்ஸின் முகம் தெளிந்திருந்தது. ஆனால் போகும் நேரத்தில் மறுபடி கலங்கியது.

"ஐயா, ஆள வேலைக்கு வச்சிருந்தா மட்டும் போதாது. கையால செய்ற வேலையில நாலு பங்குல மூணு பங்கு இவங்க செய்யணும். இங்க துளை போடுறது நீங்க, பிடி அடிக்கிறது நீங்க, கட்டுறது நீங்க. பாதி வேலை ஒங்க கைதான்."

"நான் கூட வேல செய்றது பிழயா மிஸ்?"

"பிழை இல்ல ஐயா. ஆனா கணக்குக்கு இடிக்குது."

இவ்வளவு தூரம் வந்து கைநழுவுகிறதே. அப்போதுதான் சாமி கொடுத்த மாதிரி பாலம்மாவுக்கு ஒன்று தோன்றியது.

"மிஸ், நானாவுக்கும் கால் ஏலாது! முழங்கால் சரியில்ல. தெனம் படியில ஒக்காந்து ஒக்காந்துதான் எறங்குவாரு. அவரையும் எங்க கூடச் சேத்துக்க முடியாதா?"

மிஸ் நிமிர்ந்தார். "அப்படியா ஐயா? மெய்யாவே நடக்க ஏலாதுன்னு டொக்டர் சொன்னா சேக்கலாம். அப்ப எல்லாம் சரியாப் போயிடும்."

நானா தரையில் கிடந்த தும்பைப் பார்த்தார். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் பட்டறை நிலைத்துவிடும். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இல்ல மிஸ்," என்றார் கடைசியில். "என்ட கால் நல்ல கால். அல்லாஹ் தந்த நல்ல கால ஏலாதுன்டு எப்பிடிச் சொல்ற?"

"என்னா நானா இது! நான் தெனம் பாக்குறேனே!"

அவர் பாலம்மாவைப் பார்க்கவில்லை. சாரத்தை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டார். பேச்சைக் காதால் கேட்காத றம்லத் எல்லார் முகத்தையும் கண்ணால் படித்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள். பாலம்மாவின் காலைக் காட்டினாள். பிறகு நானாவின் முழங்காலைக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினாள்.

"ஒங்களுக்கு இவ்வளவு நாளாத் தெரியாதா அக்கா?" என்றான் திவாகரன். "காலையில நானா படி ஏறுற சத்தத்தக் கேட்டுப் பாருங்க. குதிர மாதிரி."

பாலம்மா வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். அழுவதா, கோபப்படுவதா, இவ்வளவு காலம் இல்லாத நோவுக்கு வேண்டிக்கொண்டோமே என்று சிரிப்பதா, ஒன்றும் விளங்கவில்லை. மிஸ்ஸும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார்.

அன்றைக்கு நானா ஒரு முடிவெடுத்தார். றம்லத்துக்குத் துளை போடும் மெஷினைப் பழக்கினார். அந்த இரைச்சல் மற்றவர்களைத்தான் வதைத்தது, அவளை ஒன்றும் செய்யவில்லை. பிடி அடிக்கப் பாலம்மாவும், கட்டுக் கட்டத் திவாகரனும் பழகினார்கள். மேற்பார்வை பார்ப்பது கை வேலையில் சேராது, நீங்கள் இருக்கலாம் என்றார் மிஸ். நானாவும் ஒரு கிழமை இருந்து பார்த்தார். சும்மா இருக்க அவருடைய கைக்குத் தெரியவில்லை. கண் தப்பினால் ஒரு கட்டையை எடுத்துத் துளை போடத் தொடங்கிவிடுவார்.

"நானா, கணக்கு!" என்று திவாகரன் கத்துவான். தொட்ட சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும்.

ஓடர் கிடைத்தது. அதைக் கேட்ட சாயங்காலமே நானா பட்டறைச் சாவியைப் பாலம்மாவின் கையில் வைத்தார். கடுகண்ணாவையில் மகள் அபீபா சின்னக் கடை ஒன்று வைத்திருந்தாள். இங்கே இருந்தால் கை சும்மா இராது, கணக்குக் கெட்டுவிடும், அங்கே போகிறேன் என்றார்.

பாலம்மாவுக்கு இன்றைக்கும் அது புரிவதில்லை. தங்களுக்கு வேலை கொடுக்க வந்த சட்டம் தங்களுக்கு வேலை கொடுத்த மனுசனை எழுப்பி அனுப்பிவிட்டது. சட்டம் கெட்டதா என்றால், இல்லை. அதனால்தானே பின்னறை வேண்டாமல் போயிற்று. நல்லதா என்றால், வாங்கில் நானா இருந்த முனை காலியாக இருக்கிறது. கோயிலில் விளக்கேற்றிவிட்டு நன்றி சொல்லுவதா முறையிடுவதா என்று தெரியாமல் நிற்பாள். சாமிக்குத் தெரியும் என்று விட்டுவிட்டு வருவாள்.

அவர் போன அன்றைக்கும் நாலு பேரும் ஒன்றாகத்தான் இறங்கினார்கள். பாதிப் படியில் நானா பழக்கத்தில் நின்று முழங்காலில் கை வைத்தார். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்து கையை எடுத்தார். வெட்கத்தில் சிரித்தார். இந்தத் தடவை பாலம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் காலு வலிக்குது நானா. கொஞ்சம் இருந்துட்டுப் போவோம்," என்றாள். அப்படி அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கீழே பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை இருந்தார்கள். ரோட்டுக்கு வந்ததும் கடுகண்ணாவை பஸ் நின்றது. அதற்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கவில்லை. நோன்பு பிறந்து கொஞ்ச நாளில் மௌத்தாகிவிட்டார், அடக்கமும் முடிந்தது என்று அபீபா போன் எடுத்தாள். பஸ் மிதிபலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு அன்றைக்கு அவர் திரும்பிச் சொன்னது இதுதான்:

"மெதுவாப் போங்க புள்ள. வெரசாப் போகோணுமின்டு எந்தச் சட்டத்துலயும் இல்ல."