பக்கத்து இருக்கை பெல்ட்

ஜெர்மனியின் ஹம் நகரில் தாரகனின் மேசை இழுப்பறையில் இரண்டு பொருட்கள் கிடக்கின்றன. கோயிலில் பெயரும் நட்சத்திரமும் எழுதித் தரும் அர்ச்சனைத் துண்டுச் சீட்டு ஒன்று. ஒரு நீலக் காரின் சாவி. அந்தக் கார் நன்றாக ஓடும். ஆனால் எடுத்து ஓட்ட அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் துணிவில்லை.

இது கட்டிச் சொல்லும் கதை அல்ல. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, பொலிஸ் அறிக்கை இருக்கிறது. நடுச்சாமமும் இல்லை, சுடுகாடும் இல்லை. எல்லாமே பட்டப்பகலில் நடந்தது.

2024 ஒக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை. மாலை 4 மணி 23 நிமிடம்.

தாரகனின் தங்கை துஷானி. அவளுடைய கணவன் பிரவீணன். கம்பி ஆலையில் வேலை. பழைய அமெரிக்கக் கார் என்றால் பைத்தியம். வருடக்கணக்கில் தேடி, 1970ஆம் ஆண்டுச் சிவப்பு ‘மசில் கார்’, அதாவது பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார் ஒன்றை வாங்கியிருந்தான். எட்டு சிலிண்டர். பக்கத்து ஊரான ஸோஸ்டில் ஒரு கிழவரின் கொட்டிலுக்குள் முப்பது வருடம் பூட்டிக் கிடந்த வண்டி. அன்று அதை வேகக் கட்டுப்பாடு இல்லாத ஆட்டோபான் நெடுஞ்சாலைத் துண்டில் விரட்டினான். முன் டயர் வெடித்தது. கார் மூன்று தரம் உருண்டு சோளத் தோட்டத்துக்குள் போய் விழுந்தது.

வேகமானியின் முள் 118இல் இறுகி நின்றது. அது மைல் கணக்கு. கிலோமீட்டரில் நூற்றுத் தொண்ணூறு!

பிரவீணன் தானே கதவைத் திறந்து இறங்கி வந்தான். ஒரு கீறல் இல்லை.

ஆஸ்பத்திரியில் துஷானி அம்மனுக்கு நேர்த்தி வைத்து வாய் மூடவில்லை. அதற்குள் பொலிஸ்காரர் வந்து கேட்டார்.

“உங்கள் கணவருடன் இருந்த பெண் எங்கே?”

கார் முந்திக்கொண்டு பறந்தபோது ஒரு சுற்றுலா பஸ் ஓட்டுநர் மேலிருந்து பார்த்திருக்கிறார். ஓட்டியவன் பிரவீணன். அங்கே ஓட்டுநர் இருப்பது இடது பக்கம்; வலது பக்க இருக்கையில் ஒரு பெண். வெளிறிய கூந்தல். நேரே பார்த்தபடி, ஆடாமல் அசையாமல் இருந்தாளாம். மோப்ப நாயும் ஹெலிகொப்டருமாக இரண்டு மணி நேரம் சோளத் தோட்டத்தைச் சலித்தார்கள். ஒருவரும் இல்லை.

தனியாகத்தான் போனேன் என்று பிரவீணன் பிள்ளைகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். துஷானி நம்பவில்லை. சூட்கேசில் உடுப்புகளை அடுக்கி வைத்துவிட்டுத் தமையனிடம் வந்தாள்.

“ஆரோ ஒரு வெள்ளைக்காரி, அண்ணா. இடிபட்ட உடன ஓடி ஒளிச்சிட்டாள். நீங்கள் உடைஞ்ச காரைப் பார்த்தே எல்லாம் சொல்லுவியள்தானே? போய்ப் பாருங்கோ. ஒருத்தி இருந்தவள் எண்டால் நான் பிள்ளையளோட வெளிக்கிடுறன்.”

தாரகனின் தொழிலே அதுதான். இருபது வருடமாக விபத்துக் கார்களைச் சோதித்து அறிக்கை எழுதுகிறவர். மனிதர் பொய் சொன்னாலும் நசுங்கிய தகரம் உண்மை சொல்லும் என்பார்.

புதன்கிழமை, பிற்பகல் 3.40. கார் உடைக்கும் முற்றத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“இந்தக் காரைப் பார்க்க நீங்களுமா?” என்று சலித்துக்கொண்டார் முற்றத்துக்காரர். “நேற்று ஒரு அம்மா உள்ளே உட்கார்ந்திருந்தார். இறங்குங்கள் என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குடை எடுத்து வருவதற்குள் போய்விட்டார்.”

“எந்த இருக்கையில்?”

“வலது பக்கம்.”

“கேற்றால் வெளியே போனதைக் கண்டீர்களா?”

“கேற் பூட்டித்தான் இருந்தது.” அவர் தோளைக் குலுக்கினார்.

தாரகன் பல்லைக் கடித்தார். வந்திருக்கிறாள்! எதையோ விட்டுவிட்டுப் போய், தேடி வந்திருக்கிறாள். என்ன அது?

3.52. முதலில் பெல்ட்டுகளைப் பார்த்தார். பழைய காருக்குப் பிற்காலத்தில் பூட்டிய பெல்ட்டுகள். பெரிய அடி விழும்போது ஆளின் பாரம் பெல்ட்டை இழுக்கும். வளையத்தில் உரசும் இடம் சூட்டில் உருகிப் பளபளக்கும். ஆள் இல்லாத பெல்ட்டில் அந்தத் தடம் விழாது.

பக்கத்து இருக்கை பெல்ட் உருகியிருந்தது.

சரிதான்... ஒருத்தி இருந்திருக்கிறாள்.

பிறகு ஓட்டுநர் பெல்ட்டை விரலால் தடவினார். மெதுமெது என்று இருந்தது. ஒரு தடமும் இல்லை. தாரகனின் கை நின்றது. நூற்றுத் தொண்ணூறில் உருண்ட காரில், ஓட்டியவனின் பாரம் எங்கே போனது?

4.06. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். கைநீட்டி டாஷ்போர்டின் சிறு பெட்டியைத் திறந்தார். மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. கோயில் அர்ச்சனைத் துண்டு. செப்டெம்பர் 27, வெள்ளி. பெயர்: ரெனாட்டே. நட்சத்திரம்: ரேவதி.

தாரகனுக்கு இரத்தம் தலைக்கேறியது. கள்ளக் காதலியின் பெயருக்கு அர்ச்சனையா? காரில் இருந்தபடியே போனை எடுத்தார்.

“ஆரடா ரெனாட்டே?”

“என்ன மச்சான்?”

“நடிக்காத. அர்ச்சனைத் துண்டு என்ர கையில.”

பிரவீணன் யோசித்தான். “ரெனாட்டே... அது காரின்ர பழைய சொந்தக்காரியெல்லோ! வித்த கிழவரின்ர மனிசி.”

“அவளின்ர பேருக்கு ஏன் அர்ச்சனை செய்தனி?”

“நான் எங்க செய்தன்? சாவியையும் கார்ப் பத்திரத்தையும் தட்டில வைக்கிறது வழக்கம்தானே. என்ர பேரில வந்த புதுப் பத்திரத்தை வீட்டில விட்டிட்டு, பழசைக் கொண்டு போயிட்டன். துண்டு எழுதினவர் அதைப் பார்த்துப் பேர் போட்டிட்டார். நட்சத்திரம் கேட்டார், என்ரயைச் சொன்னன். டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைக்கிற அவசரத்தில ஆர் துண்டைப் பார்த்தது?”

“ஐயரும் அப்பிடியே வாசிச்சாரோ?”

“வாசிச்சிருப்பார். வெள்ளைக்காரரும் வாற கோயில்தானே. அவருக்கு என்ன தெரியும்?”

தாரகனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. “மடையா! பெண்சாதி எண்டு ஒருத்தி இருக்கிறாள். அவளின்ர பேரில செய்யத் தெரியாதோ உனக்கு?”

“பிழைதான் மச்சான்...”

போனை வைத்தார். நெஞ்சு லேசானது. தங்கையின் குடும்பம் தப்பியது.

ஆனால்... அப்படியானால் அந்த பெல்ட்டை உருக்கியது யார்?

கிளிக்.

தாரகன் திரும்பிப் பார்த்தார். பக்கத்து இருக்கை பெல்ட் மாட்டியிருந்தது.

சற்று முன் சோதித்தபோது அதைக் கழற்றி வைத்தவர் அவர்தான். மீண்டும் கழற்றினார். பெல்ட் சுருண்டு மேலே போனது.

4.19. வலது பக்கக் கண்ணாடி மட்டும் உள்ளிருந்து மங்கத் தொடங்கியது. ஒரு வட்டம். சிறியதாகி... பெரியதாகி... மீண்டும் சிறியதாகி...

யாரோ மூச்சு விடுவதுபோல.

கிளிக்.

கதவுப் பிடியை இழுத்தார். திறக்கவில்லை. தோளால் இடித்தார். அசையவில்லை.

மணிக்கூட்டைப் பார்த்தார்.

4.23.

சடாரென்று பெல்ட் விறைத்தது. வெறும் இருக்கையின் குறுக்கே. வலது மேலிருந்து இடது கீழே. நார் நாராக முறுகியது. கிர்ர்ர்...

காற்றில் எலும்பு முறியும் சத்தம்.

ஒன்று.

இரண்டு.

ஏழு வரை எண்ணினார்.

கதவு தானாகத் திறந்தது.

தாரகன் ஓடினார். சேற்றில் விழுந்து எழும்பி ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கையிடம் அவர் சொன்னது ஒரு வரிதான்: “வேற பொம்பிளை ஒருத்தியும் இல்லை.” பெல்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. துஷானி சூட்கேசைப் பிரித்தாள்.

ஆனால் தாரகனுக்கு நித்திரை இல்லை. நவம்பர் 9, சனிக்கிழமை பிற்பகல், பழைய பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாட்டில் ஸோஸ்டுக்குப் போனார். ஹோர்ஸ்ட் என்ற அந்தக் கிழவருக்கு எண்பத்து மூன்று வயது. பத்திரத்தில் இருந்த பெயரை விரலால் தடவினார்.

“அவளுடைய கார். ஓட்டியது நான். இரண்டு தரம் கவிழ்த்தேன். 81இல் ஒன்று, 93இல் ஒன்று. இரண்டிலும் எனக்குக் கீறல் இல்லை. உடைந்ததெல்லாம் அவளுடைய எலும்புதான். அதற்குப் பிறகு கொட்டிலில் போட்டுப் பூட்டிவிட்டேன்.”

“அவர் இறந்து பல வருடமா?”

கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

“பல வருடமா? போன மாதம்தான் இறந்தாள். பராமரிப்பு இல்லத்தில். 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.”

எப்படி நடந்தது என்று தாரகன் கேட்டார்.

ஆறு மாதமாகக் கட்டிலை விட்டு இறங்காத மனுஷி. தாதி கோப்பி கொடுத்துக்கொண்டிருந்தாளாம். திடீரென்று “பிடித்துக்கொள்!” என்று கத்தினாளாம். அவ்வளவுதான். கிழவர் வைத்தியரின் அறிக்கையை நீட்டினார். விலா எலும்புகள் ஏழு முறிவு. காரணம் தெரியவில்லை. தோலில் நாலு விரல் அகலத்தில் எரிந்த தடம் ஒன்று. வலது தோளில் தொடங்கி இடது இடுப்பு வரை.

மரண நேரம்: 16.23.

அர்ச்சனை நடந்த நாளில் ரெனாட்டே உயிரோடுதான் இருந்திருக்கிறார். பெயர் அவருடையது... நட்சத்திரம் பிரவீணனுடையது. அவனுக்கு விழவேண்டிய அடி எங்கே போய் விழுந்தது?

தாரகன் வெளியே ஓடி வந்து பிரவீணனுக்குப் போன் போட்டார். 3.10. ஆறு தரம் அடித்தது. எடுத்தான். பின்னால் எஞ்சின் உறுமியது.

“மச்சான்! ஒரு புதினம். வேற ஒரு மசில் கார் எடுத்திட்டன், நீலம். இப்ப ஆட்டோபானில நிக்கிறன்.”

“வேகத்தைக் குறை! உடன நிப்பாட்டு!”

“பயப்பிடாதைங்கோ. நேற்றுக் கோயிலுக்குக் கொண்டுபோய் எல்லாம் செய்தாச்சு. இந்த முறை பிழை விடேல்லை. நீங்கள் சொன்ன மாதிரியே, துஷானியின்ர பேரில.”

“நிப்பாட்டடா!”

“கேக்கேல்லை மச்சான்... நூற்று எண்பதில...”

போன் அறுந்தது.

தாரகன் தங்கையை அழைத்தார். உடனே எடுத்தாள்.

“துஷானி, எங்க நிக்கிறாய்?”

“வீட்டிலதான். சாய்ஞ்சு படுத்திருக்கிறன்.”

“ஏன்? என்ன செய்யுது?”

“ஒண்டுமில்லை அண்ணா. காலமை அவர் காரை எடுத்துக்கொண்டு போன நேரம் தொடக்கம் நோகுது. வலது தோளில இருந்து... இடது இடுப்பு வரைக்கும். கண்ணாடியில பார்த்தன், கோடு மாதிரிச் சிவந்து கிடக்கு.”

பிறகு அவளே கேட்டாள்.

“ஏன் அண்ணா... உங்களுக்கு ஆர் சொன்னது?”