அவள் இறக்கி வைத்த பக்கங்கள்

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் கடற்கரைக்கு இறங்கினால் வரும், வீட்டுக்குத் திரும்பினால் போய்விடும். அதனால் தங்கச்சி, வலைக்குக் கொடி கட்டுகிற மூங்கில் கம்பொன்றை என்னிடம் கேட்டு வாங்கிக் கூரையோடு சேர்த்துக் கட்டினாள். உச்சியில் ஒரு சொப்பிங் பைக்குள் தன் போனைப் போட்டுத் தொங்கவிட்டாள். அந்தப் போனிலிருந்துதான் லப்டொப்புக்கு இன்ரநெற் வந்தது. சோழகக் காற்று அடித்துக் கம்பு ஆடினால் அதுவும் விட்டு விட்டுத்தான் வரும்.

அவள் மன்னார் டவுனில் சொஃப்ட்வெயார் படித்தாள். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் பார்க்க வேண்டுமாம். அந்த விளக்கமெல்லாம் இன்ரநெற்றில் ஆயிரக்கணக்கான பக்கங்களாகக் கிடக்கிறதாம். எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கி லப்டொப்புக்குள் அடுக்கிவிட்டால் பிறகு சிக்னலே தேவையில்லை, ஒரு சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் இருக்கிற பக்கமெல்லாம் வந்து நிற்கும் என்றாள். அதற்கு அவளே ஒரு புரோகிராம் எழுதினாள். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன். அவள் சொன்னதில் பாதிதான் விளங்கியது. ஆனால் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்கும். ஒரு பக்கம் இறங்கும், கொஞ்சம் நிற்கும், பிறகு அடுத்தது. ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கேட்டேன்.

"ஒரேயடியா இழுத்தா அந்தப் பக்கங்களை வச்சிருக்கிறவங்கள் கதவைச் சாத்திப்போடுவாங்கள், அண்ணா. ஆறுதலாத்தான் எடுக்கோணும்."

"வலை இழுக்கிற மாதிரி எண்டு சொல்லு."

"உனக்கு எல்லாம் வலைதான்."

அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ வாசலில் நின்றது. அம்மா தோளில் பிடித்துக் கூட்டிப்போக, இவள் திரும்பி வந்து திரையைக் குனிந்து பார்த்தாள்.

"நிப்பாட்டிப் போடாத. நிண்டா பழையபடி முதல்ல இருந்துதான் தொடங்கும். வந்து அதைத் திருத்துறன்."

காய்ச்சல்தானே என்று அனுப்பினோம். பெட்டியில்தான் திரும்பி வந்தாள்.

செத்த வீட்டில் செய்வதையெல்லாம் சின்னம்மா செய்தா. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினா. டிவியை வெள்ளைத் துணியால் மூடினா. பிறகு லப்டொப்பை மடிக்கப் போனா. அது ஓடட்டும் என்று குறுக்கே போய் நின்றேன். சின்னம்மா என் முகத்தைப் பார்த்தா. திறந்தபடியே விட்டு அதன் மேலும் ஒரு துணியைப் போட்டா. செபமாலை சொல்லி ஓய்ந்த நேரங்களில், துணிக்கடியில் அதன் காற்றாடி இரைவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடக்கத்துக்கு முன்னர் அக்காவுக்கு முகம் காட்ட வேண்டியிருந்தது. அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறா. அந்த வீட்டார் லீவு கொடுக்கவில்லை. அம்மாவின் போனைக் கம்பில் தொங்குகிற போனோடு இணைத்து வீடியோ கோல் எடுத்தோம். அக்காவின் அழுகை துண்டு துண்டாக வந்தது. அங்கே தங்கச்சியின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கிறதாம். இருந்த கொஞ்ச இன்ரநெற்றையும் லப்டொப் இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து ஓடாது.

அம்மா என்னைப் பார்த்தா.

"என்னத்தையாவது நிப்பாட்டு மோனே. மூத்தவள் முகத்தைப் பாக்கட்டும்."

அது தங்கச்சி தொடங்கினது என்று சொல்லப் போனேன். அவளே பெட்டிக்குள் கிடக்கும்போது அதை எப்படிச் சொல்வது? துணியைத் தூக்கி லப்டொப்பில் இன்ரநெற்றை நிறுத்தினேன். திரையில் சிவப்பு எழுத்தில் இரண்டு மூன்று வரி வந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

போனில் அக்காவின் குரல் தெளிவாக வந்தது. "அம்மா, நெத்தியில முடி கிடக்குது. ஒதுக்கி விடுங்கோ."

அம்மா ஒதுக்கிவிட்டா. பிறகு பெட்டியை மூடிச் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை நான் லப்டொப் பக்கம் போகவில்லை. பிறகு, தொடங்கினதை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. முதலிலிருந்து என்றாலும் பரவாயில்லை, எத்தனை நாள் எடுத்தாலும் ஓடட்டும். கம்பில் போனைக் கட்டினேன். கரண்ட் போய் வந்தால் திரும்ப ஓடவைக்க எந்த எழுத்துக் கட்டையை அமத்த வேண்டும் என்று அவள் முன்பே காட்டித் தந்திருந்தாள். அமத்தினேன். ஓடியது. நெஞ்சு லேசானது போல இருந்தது.

இறங்கிய பக்கங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது இறங்கிய திகதி இருந்தது. மேலே நின்றதெல்லாம் அவள் உயிரோடு இருந்த நாட்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் பக்கத்தின் திகதி இன்றைய திகதியாக மாறியது. கொஞ்சம் நின்று அடுத்ததும் மாறியது. எழுத்து அதே எழுத்துத்தான். ஆனால் அவள் எடுத்து வைத்ததன் மேல் நான் எடுத்தது ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. அவள் சொன்ன மாதிரியே, அவசரமில்லாமல், ஆறுதலாக.

எதை அமத்தினால் நிற்கும் என்று அந்த நேரத்தில் கை மறந்துபோனது. வெளியே ஓடிப்போய்க் கம்பை அப்படியே பிடுங்கிச் சாய்த்தேன்.

அவளோடு படித்த பிள்ளை ஒருத்தி இடைக்கிடை வந்து லப்டொப்பில் தேடிப் பார்ப்பாள். சில சொல்லுக்குப் பக்கம் வரும், சிலதுக்கு ஒன்றும் வராது. அதுக்கு அங்கால தங்கச்சி எடுக்கேல்லை என்று சொல்வேன். போன கிழமை அந்தப் பிள்ளை புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, ஒரு வரிதான் சேர்க்கோணும். இருக்கிறதைத் தொடாம மிச்சத்தை மட்டும் எடுக்கும். நான் எழுதித் தாறன்."

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவருகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். வந்து அதைத் திருத்துறன் என்று சொல்லிவிட்டுத்தான் தங்கச்சி ஓட்டோவில் ஏறினவள்.