லூர்து டீச்சரின் மூன்று விசில்

போன செவ்வாய்க்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் பெங்களூரிலிருந்து போன். ரெனால்ட் பேசினான். அமல்ராஜ் சாரின் மகன்.

“அங்கிள், அந்தக் குக்கர் சத்தத்தைச் சுத்தமா எடுத்துட்டேன். புதுசா ஒரு சாஃப்ட்வேர். அனுப்பியிருக்கேன், கேட்டுட்டுச் சொல்லுங்க.”

குக்கருக்கும் அமல்ராஜ் சாருக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். அதற்கு முன்னால் அமல்ராஜ் சார் யார் என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் போன மாதம் அவர் காலமான செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. பாலக்கரையில் நாலு தெருவில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பெயருக்குக் கீழே ‘ரயில்வே, ஓய்வு’ என்று போட்டிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘ஜாஸ் பியானோ கலைஞர்’ என்று இன்னொரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆமாம்... ஜாஸ்தான். திருச்சியில்தான். எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார் என்று சொன்னால் சென்னைக்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ரயில்வே ஆபீஸில் எனக்கு இரண்டு டேபிள் தள்ளி உட்கார்ந்திருப்பார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சின்ன வயதில் பொன்மலை ரயில்வே கிளப்பில் டான்ஸுக்கு வாசித்த ஆங்கிலோ இந்தியர்களிடம் கற்றுக்கொண்டது. அந்த கிளப் பியானோவை வேண்டாம் என்று கழித்துக்கட்டியபோது லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டு வாசல் போதவில்லை. நிலையைப் பெயர்த்து உள்ளே கொண்டுபோனார்களாம்.

ஜாஸ் என்றால்? ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அந்த நிமிஷம் மனதில் என்ன தோன்றுகிறதோ அதை வாசித்துக்கொண்டே போவது. நம் கற்பனாஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. ஸ்ரீரங்கத்தில் மார்கழி பஜனையும் கச்சேரியும் கேட்டு வளர்ந்த எனக்கு முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது தானாகவே ஆடியது.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் நாள். அவர் சர்ச்சில் பூசை முடிந்து வருவதற்கும் நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கும் சரியாக இருக்கும். என் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் என் தோளில் தொங்கும். ரெக்கார்டிங் இன்ஜினியர் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பட்டன் இரண்டையும் சேர்த்து அமுக்கத் தெரியும். என் இன்ஜினியரிங் அத்தோடு முடிந்தது.

மொத்தம் பதினோரு கேசட். உலகத்தில் அமல்ராஜ் சார் வாசித்துப் பதிவானது அவ்வளவுதான். அத்தனைக்கும் நானே பொறுப்பு என்பதில் எனக்கு இருக்கிற கர்வம், என் பென்ஷனில்கூடக் கிடையாது.

அந்தப் பதினொன்றில் நான்காவது கேசட்தான் விவகாரம்.

அன்றைக்கு சார் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார். நான் ரிக்கார்டரில் சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருமையாகப் போய்க்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து குக்கர் ஒரு விசில் அடித்தது பாருங்கள்... முள் ஒரேயடியாக வலது ஓரத்துக்குத் தாவியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது. கடைசியில் மூன்றாவது. சார் வாசித்து முடித்து, கையை எடுத்த அடுத்த நொடி நான் கத்தினேன்:

“போச்சு சார்! குக்கர் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு!”

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். உள்ளே இருந்தவர் லூர்து டீச்சர், சாரின் மனைவி. மிடில் ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வீட்டில் கறிக்குழம்பு. ஸ்ரீரங்கத்துப் பிள்ளை வருகிறானே என்று எனக்காகத் தனிப் பாத்திரத்தில் சாம்பார் வைப்பார். அடுப்பில் இருந்த குக்கரில் வெந்தது என் சாம்பாருக்கான பருப்பு! அந்தச் சாம்பாரை வெட்கமில்லாமல் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி சாரைக் கெஞ்சினேன். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றார். பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்டனை அமுக்கினால் லூர்து டீச்சர் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். நாங்கள் முடிக்கிற வரை கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்துவார். ஒரு தடவை சார் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ச் சமையலறையை எட்டிப் பார்த்தார். “என்ன, இன்னிக்கு அடுப்பு எரியலையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதையும் பசி என்றே கணக்கில் வைத்தேன். நாலாவது கேசட்டை டீச்சர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. யாராவது பேச்செடுத்தால், “அது நான் கெடுத்தது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். முப்பது வருஷத்துக்கு மேலாக இதே கதை.

இப்போது ரெனால்ட் அனுப்பியதற்கு வருகிறேன். சாரின் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்து அவர் வாசித்ததைக் கேட்பதாக ஏற்பாடு. விசிலை எடுத்துவிடச் சொன்னதே டீச்சர்தானாம்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். உண்மையிலேயே சுத்தம். ஆனால் என்னவோ இடித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று ஓரிடத்தில் நிற்கிறது. யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி சார் வலது கையில் என்னவோ வாசிக்கிறார். கேள்வியைக் காணோம்! அதுவும் முடிவில், வந்துவிட்டோம் என்று நாம் நினைக்கிற இடத்தைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டே இருக்கிறார். ஏன்?

விசிலோடு இருந்த பழைய பதிவைப் போட்டேன். ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருஷமாக விசில் வருகிற இடமெல்லாம் எரிச்சலில் வால்யூமைக் குறைத்துவிடுவது என் வழக்கம். அன்றைக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டேன்.

முதல் விசில் வருகிறது. சார் ஒரு கணம் நிற்கிறார். அப்புறம் அதே சுருதியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்தே ஒரு புது மெட்டை ஆரம்பிக்கிறார். இரண்டாவது விசிலுக்குத் தயாராகவே இருக்கிறார். அது வந்ததும் அள்ளிக்கொள்கிறார். அதற்குப் பிறகு... முடிக்க மாட்டேன் என்கிறார். சுற்றிச் சுற்றி வருகிறார். பருப்புக்கு மூன்று விசில் என்பது அந்த வீட்டுச் சட்டம். மூன்றாவது வராமல் எப்படி முடிப்பது? கடைசியில் குக்கர் புஸ்ஸென்று மூச்சு விடுவது கேட்கிறது. சார் விறுவிறுவென்று இறங்குகிறார். விசிலும் அவருடைய கடைசி ஸ்வரமும் ஒன்றாக விழுகின்றன!

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கூடவே அவமானமாகவும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்த முட்டாள் நான்.

ரெனால்டைக் கூப்பிட்டு, விசிலைத் திரும்பப் போடு என்றேன். அம்மா சங்கடப்படுவாங்க அங்கிள் என்று இழுத்தான். அவனோடு பேசிப் பயனில்லை. கத்தியது நான், போக வேண்டியதும் நான்தான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்துப் பாலக்கரையில் இறங்கினேன்.

விஷயத்தைச் சொன்னதுமே டீச்சர் கையை ஆட்டி மறுத்தார்.

“வேண்டாம் தம்பி. அத்தனை பேர் முன்னாடி எனக்கு வெக்கமா இருக்கும்.”

“கெடுத்தது நீங்க இல்லை டீச்சர். வாய்க்கு வந்ததைச் சொன்னவன் நான். மன்னிச்சுடுங்க. ஒரே ஒரு தடவை கேளுங்க.”

போட்டேன். முதல் விசிலுக்குத் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டாவதற்கு நிமிர்ந்தார். அதன் பிறகு சார் சுற்றத் தொடங்கியதும் டீச்சர் பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது விசிலும் விழுந்து அடங்கியது. இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். இரண்டாவது தடவை முடிந்தபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“ரெண்டாவது விசில் வந்ததும் பயந்துபோய் அடுப்பைச் சின்னதா வெச்சேன் தம்பி. அதான் மூணாவது வர அவ்வளவு நேரமாச்சு. அவ்வளவு நேரமும் எனக்காகவா காத்துக்கிட்டிருந்தார்?”

ஆமாம் டீச்சர் என்றேன். பதினோரு கேசட்டிலும் அந்தக் காத்திருப்புக்கு ஈடான வாசிப்பு கிடையாது. அடுப்பு பெரிதாக எரிந்திருந்தால் அது பிறந்தே இருக்காது! அவரிடம் அதையும் சொன்னேன்.

சார் ஏன் இதையெல்லாம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். அவர் எதைத்தான் வாயைத் திறந்து சொன்னார் என்று டீச்சர் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

முப்பதாம் நாள், விசிலோடுதான் போட்டோம். டீச்சர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதல் விசிலுக்குச் சில பேர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் திரும்பவில்லை. மூன்றாவது விசில் வந்தபோது பக்கத்திலிருந்த நாத்தனாரின் கையைத் தட்டி, “இது நான்” என்றார்.

வந்தவர்களுக்குக் கொடுக்க ரெனால்ட் பென் டிரைவ் வாங்கி, கூடவே ஒரு சின்ன அட்டையும் எழுதி வைத்திருந்தான். பியானோ: அமல்ராஜ். ஒலிப்பதிவு: என் பெயர். டீச்சர் அட்டையை வாங்கிப் படித்தார். பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு வரிகளுக்கும் நடுவே சேர்த்தார்: ‘குக்கர்: லூர்து மேரி.’

என் பெயர் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. அதுவே அதிகம்!