ஒரே ரோட்டில் இரண்டு பிரவுசர்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த பிரவுசிங் சென்டர் எனக்குச் சொந்தமில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். இரண்டாயிரங்களின் பிற்பாதி அது. படிப்பை முடித்துவிட்டு அங்கிருந்த ஆறு கணினிகளையும் ஒற்றைப் பெண்ணாக நான்தான் மேய்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி அண்ணாச்சிக்கு அது துணைத்தொழில். அவருடைய முதல் தொழில் தீப்பெட்டி ஆபீஸ்; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

எதிரே புதுக்கடை ஒன்று வந்ததும் எங்கள் கூட்டம் அங்கே தாவிவிட்டது. "இங்கன ஒரு பக்கம் தொறக்கதுக்குள்ள தூக்கம் வருது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டே போனார்கள். அண்ணாச்சி முடிவெடுத்துவிட்டார்.

"கடைய மூடிட்டு தீப்பெட்டி பண்டல அடுக்கப் போறேன். சாயங்காலம் வேன் வருது."

என் கடையில் பண்டலா? தலைக்கு மேல் ஏறிவிட்டது எனக்கு. கோளாறு கணினியில் இல்லை, பழைய பிரவுசரில். அப்போதுதான் புதிதாக ஒரு பிரவுசர் வந்திருந்தது. இணையப் பக்கத்துக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரலின் வேலையை அது ஊதித் தள்ளியது.

"ரெண்டையும் ஓட விட்டுக் காட்டுதேன் அண்ணாச்சி. பாத்துட்டு மூடுங்க" என்றேன்.

மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் அண்ணாச்சிக்கு உயிர். எட்டயபுரம் பக்கம் பந்தயம் என்று கேள்விப்பட்டால் ஆபீஸை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவர். "பந்தயமா? விடு பாப்போம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஜாவாஸ்கிரிப்டுக்குக் கணக்குகளை மலைமலையாகக் கொடுக்கும் சோதனைப் பக்கம் ஒன்று வைத்திருந்தேன். வேலை முடிய முடிய ஒரு பச்சைக் கோடு நீளும். முதலில் ஒரு பிரவுசர், பிறகு அடுத்தது, இரண்டின் நேரத்தையும் பார்க்க வேண்டும். அதுதான் முறை. அண்ணாச்சி விடுவாரா?

"ஒத்த வண்டிய ஓட்டி ஜெயிச்சேன்னா எவன் ஒத்துக்கிடுவான்? ரெண்டையும் சேத்து விடுட்டி."

ஒரே கணினியில் இரண்டையும் திறந்து சேர்த்து விட்டேன். அடக் கடவுளே! கோடும் நகரவில்லை, மவுஸும் நகரவில்லை.

"ரெண்டும் படுத்துட்டு. சவத்த விடு" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஒத்த மாட்டுல ரெண்டு வண்டியப் பூட்டுனா எப்படி அண்ணாச்சி ஓடும்? வண்டிக்கொரு மாடு வேணும்லா!"

அண்ணாச்சி நின்றார். யோசித்தார். "அது நியாயந்தான்" என்று மறுபடி உட்கார்ந்தார்.

ஒன்றாக வாங்கிய இரண்டு கணினிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பழைய பிரவுசருக்கு முன்னால், ரயில் டிக்கெட் பார்க்க வந்திருந்த ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தேன். புதியதில் நான். அண்ணாச்சி தோள்துண்டை உயர்த்தி வீசினார். இருவரும் மவுஸைத் தட்டினோம்.

அம்மாடி, என் கோடு என்ன பாய்ச்சல் பாய்ந்தது! அண்ணாச்சி நாக்கைச் சுழற்றி மாடு விரட்டினார். டிக்கெட்காரரோ "ஏ, போ, போ" என்று மானிட்டரின் முதுகில் தட்டினார். என் கோடு எல்லையைத் தொட்டபோது பழையது பாதி வழிகூட வரவில்லை. நான் நாற்காலி மேல் ஏறிக் கத்தினேன். வெட்கமாவது ஒன்றாவது!

"அடேயப்பா! இன்னொரு தடவ விடுட்டி. இப்பம் பழையதுல நான் உக்காருதேன்" என்று அண்ணாச்சி டிக்கெட்காரரை எழுப்பிவிட்டார்.

வேன்காரர் தலையை நீட்டினார். "அண்ணாச்சி, பண்டல எங்கன எறக்க?"

அண்ணாச்சி திரும்பவேயில்லை.

"ஆபீசுக்கே கொண்டு போலே. உள்ள பந்தயம் ஓடுதது தெரியலையா?"